எட்டாவது பாஸ்

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இடுப்பில் ஒரு பெண்குழந்தை. அதற்கு இரண்டு வயது நிறையவில்லை. அதன் அப்பா ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிப் போகிற லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் லோடு இறக்கப் போய்வந்தவர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. வீட்டுக்கு வருவது மெல்லக் குறைந்தது. ஒரு நாள் அதுவும் நின்றுபோனது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் பழனிக்கு, அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அண்ணனுக்கு அடிவாரத்தில் சின்னக் கடை. பஞ்சாமிர்தம், விபூதி, சாமி படம், குழந்தைகளுக்கு ஊதல், பலூன் எல்லாம் விற்பான். பஞ்சாமிர்தத்துக்குப் பழம் உரிப்பது, பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுப்பது, ஏலக்காய் தட்டுவது எல்லாம் வீட்டுப் பின்கட்டில் நடக்கும். நானும் மதினியும் எதிரெதிரே உட்கார்ந்து மலைப்பழத்தை உரித்துப் போடுவோம். நடுவில் என் மகள் உட்கார்ந்து தோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருப்பாள். அண்ணனுக்கும் மதினிக்கும் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டோம்.

அண்ணன் ஒரு நாளும் என்னை முகம் சுளித்துப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தக் கடையின் வருமானத்தில் இன்னும் இரண்டு வயிறு நிறைய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கூட்டம் இல்லாத மாதங்களில் மதினி தன் தட்டில் கடைசியாகப் போட்டுக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். அதனால் வேலை தேடிக் கிளம்பினேன். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை காலியாக இருக்கிறதென்றார்கள், போனேன். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டேன். கைத்தறிச் சொசைட்டியில் கேட்டேன். எங்கே போனாலும் ஒரே கேள்விதான்.

"எட்டாவது பாஸாம்மா?"

"அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேங்க."

"எட்டாவது இருந்தாப் பாக்கலாம்."

ஐந்தாவது முடித்ததும் வயசுக்கு வந்துவிடுவேன் என்று பயந்து என்னை நிறுத்தினார்கள். நான் வயசுக்கு வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான். அந்த மூன்று வருஷத்தில் எட்டாவது முடித்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று கணக்குப் போட்டது ஞாபகம் இருக்கிறது.

திண்டுக்கல் சேதியைக் கொண்டுவந்தது மதினிதான். குழாயடியில் கேள்விப்பட்டு, குடத்தைக்கூட இறக்காமல் பின்கட்டுக்கு வந்தாள். கைவிடப்பட்ட பெண்களுக்கும் விதவைகளுக்கும் இரண்டு வருஷத்தில் எட்டாவது வரை சொல்லிக்கொடுத்துப் பரீட்சை எழுத வைக்கிறார்களாம். அங்கேயே தங்கிக்கொள்ளலாம், சாப்பாடும் அங்கேயே. பாஸ் செய்தவர்களுக்கு மேற்கொண்டு வேலைப் பயிற்சியும் கொடுத்து வேலைக்கு அனுப்புகிறார்கள். செலவெல்லாம் சர்க்கார் பார்த்துக்கொள்ளும்.

"இருபத்திரண்டு வயசுல போயி பள்ளிக்கூடமா மதினி?" என்றேன்.

"முப்பது முப்பத்தஞ்சு வயசுக்காரி எல்லாம் படிக்கிறாளாம். நீ என்ன கெழவியா? வெரசா எழுதிப் போட்டுறணும், எடம் நெரம்பிரும்."

உரித்த பழத்தை எடுக்க வந்திருந்த அண்ணன் தயங்கினான். பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள அங்கே அனுமதி கிடையாது.

"பிள்ளைய நான் பாத்துக்கிறேங்க. அவளுக்கு ஒரு வழி பொறக்கட்டும்" என்றாள் மதினி.

அந்த வார்த்தையை அவள் வேகமாகச் சொல்லிவிட்டாள் என்று எனக்குப் பட்டது. என்னை அனுப்பிவிட்டால் பிள்ளை அவளுடையதாகிவிடும், அதற்குத்தான் இவ்வளவு அவசரம் என்று நினைத்தேன். அவள் இன்னும் குடத்தை இறக்கவில்லை. சுமந்தபடியே நின்று எனக்காகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்புகிற அன்றைக்கு வெள்ளனே ரயில். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப வேண்டாம், எழுப்பினால் நீ போக மாட்டாய் என்றாள் மதினி. நான் எழுப்பவில்லை. குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். அண்ணன் ஸ்டேஷன் வரை வந்தான். ரயில் ஒட்டன்சத்திரம் தாண்டும்போது, இந்நேரம் எழுந்திருப்பாள், என்னைத் தேடியிருப்பாள் என்று நினைத்தேன். திண்டுக்கல்லில் இறங்கி விசாரித்துக்கொண்டு போவதிலேயே மீதிப் பொழுது கழிந்துவிட்டது.

என் மகள் அதுவரை தாய்ப்பால் மறக்கவில்லை. போன மூன்றாம் நாள் மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. என் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர் நத்தம் பக்கத்துக்காரர், புருஷனை இழந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் வாட்ச்மேனிடம் சொல்லி உதிரி மல்லிகைப்பூ வாங்கிவரச் செய்து, துணியில் பரப்பி மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். பால் வற்றுவதற்கு அதுதான் வைத்தியம். கட்டோடு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். வகுப்பு முழுக்க மல்லிகை வாசனை. அங்கே பாதிப் பேர் பூ வைக்கக் கூடாதவர்கள். ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் பார்த்தார்கள். கரும்பலகையில் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்த டீச்சரும் திரும்பினார். அவருக்கு எங்களில் பல பேரைவிட வயது குறைவு. எங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"எந்த அக்கா பூ வச்சிருக்கீங்க? இங்க நல்லா மணக்குது" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

நத்தத்து அக்கா எழுந்து விஷயத்தைச் சொன்னார். டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. அன்றைக்குக் கணக்கை நிறுத்திவிட்டு எங்களைக் கதை வாசிக்கச் சொல்லிவிட்டார். ஒரு வாரத்தில் பால் வற்றியது. பிறகு அந்த வலி இல்லை. வலி இல்லாமல் போனது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதைவிடச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அங்கே நான் சந்தோஷமாக இருந்தேன். என் வாழ்க்கையில் அப்படி இருந்தது அப்போதுதான். மணி அடித்தால் எழுந்திருப்பது, மணி அடித்தால் சாப்பிடுவது. யாருக்கும் பரிமாறாமல் நான் பாட்டுக்கு உட்கார்ந்து சாப்பிட்டேன். எனக்கென்று ஒரு பாய், ஒரு பெட்டி, ஒரு சிலேட்டு. ஐந்தாவது படித்தபோது மண்டையில் ஏறாததெல்லாம் இப்போது ஏறியது. சென்னை ராஜ்யத்தின் படத்தில் பழனியைத் தேடிக் கண்டுபிடித்தேன். அதன் தெற்கே மலையை வரைந்திருந்தார்கள். எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து தினமும் பார்த்த மலைதான். அதற்குமேல் ஊர் இருக்கிறது, அந்தப் பக்கம் இறங்கினால் கேரளம் என்று படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நத்தத்து அக்காவுக்கு ஆங்கில எழுத்து வரவே வராது. பி-யையும் டி-யையும் மாற்றி மாற்றி எழுதுவார். அவரை வைத்து நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். கணவன் விட்டுப் போனவளும் கணவனைப் பறிகொடுத்தவளும் சேர்ந்து உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்ததை வெளியே யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. சிரித்து முடித்த பிறகுதான் எனக்குப் பிள்ளை ஞாபகம் வரும். சில நாள் சாயங்காலம் வரை வராது.

லீவு விட்டால் ஊருக்குப் போவேன். முதல் தடவை போனபோது பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு மதினியின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அரைமணி நேரம் கழித்து வந்தாள். அடுத்த தடவை ஒரு பகல் முழுக்க ஆனது. அதற்கடுத்த தடவை, "திண்டுக்கல் அம்மா வந்திருக்காங்க" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள். மதினியை வெறுமனே அம்மா என்று கூப்பிட்டாள்.

"நான் சொல்லிக் குடுக்கல தாயி. அவளாத்தான் கூப்புடுறா. மாத்திக் கூப்புடுன்னா அழுகுறா" என்றாள் மதினி. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அதுக்கென்ன மதினி, சின்னப் பிள்ளைதான" என்றேன். உள்ளே எனக்கு எரிந்தது. ராத்திரி பிள்ளையை என் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். விடியும்போது அவள் அங்கே இல்லை, மதினியின் பக்கத்தில் சுருண்டு கிடந்தாள்.

இரண்டாம் வருஷத் தீபாவளிக்கு நான் போகவில்லை. பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. கணக்கில் நான் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போகாதவர்களுக்குத் தனியாகச் சொல்லித் தருகிறேன் என்று டீச்சர் சொன்னார். போகாதவர்கள் என்றால் போக இடமில்லாதவர்கள்தான். இடம் இருந்தும் தங்கியது நான் ஒருத்திதான். கணக்குக்காகத்தான் தங்கினேன் என்று அண்ணனுக்கு எழுதினேன். பிள்ளை என்னிடம் வராமல் நிற்பதைப் பார்க்கச் சக்தி இல்லை என்பதையும் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. மதினி அந்தத் தீபாவளிக்குப் பிள்ளைக்குத் தைத்த பச்சைப் பாவாடையை என்னிடம் காட்டுவதற்காகப் பொங்கல் வரைக்கும் தண்ணீரில் நனைக்காமல் வைத்திருந்தாளாம். பொங்கலுக்கு அது பிள்ளைக்குச் சிறுத்துவிட்டது.

பரீட்சையில் பாஸ் செய்தேன். நத்தத்து அக்காவும் பாஸ், ஆங்கிலத்தில் எப்படித் தேறினாரோ. அவருக்கு மதுரை ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எங்களில் சிலரைப் பாலர் பள்ளிப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் போகிற வயசு வராத குழந்தைகளைக் குளிப்பாட்டுவது, பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, மண்ணிலும் ஓலையிலும் பொம்மை செய்வது, தடுப்பூசி, பால் பவுடர் கரைப்பது எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சிக்காக அக்கம்பக்கத்துச் சேரியிலிருந்து குழந்தைகளைக் கூட்டிவருவார்கள். என் மகளின் வயசுக் குழந்தைகள். அவர்களுக்கு நகம் வெட்டி, தலைவாரி, மடியில் உட்காரவைத்து ஊட்டுவேன். நான் நன்றாகச் செய்கிறேன் என்று மேற்பார்வைக்கு வந்த அம்மா எல்லோர் முன்னாலும் பாராட்டினார். பெற்றவள் கை என்று சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வேலை உத்தரவு கிளாவரைக்கு வந்தது. பழனியில் கிடைக்கும், அண்ணன் வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று நினைத்திருந்தேன். வகுப்பில் படத்தில் பார்த்த மலையின் கடைசி ஊர் அது. திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போய், அங்கிருந்து பஸ் போகிற இடம் வரை பஸ்ஸில் போய், மீதி தூரத்தை நடக்க வேண்டும்.

"பிள்ள இங்கனயே இருக்கட்டும். அங்க குளிரு, ஆஸ்பத்திரிகூடக் கெடையாது" என்றான் அண்ணன்.

"என் பிள்ளைக்காகத்தான படிச்சேன். இப்பவும் விட்டுட்டுப் போனா படிச்சதுக்கு என்ன அர்த்தம்?" என்றேன்.

அப்படிச் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் மதினியிடமிருந்து பிள்ளையை மீட்டுக்கொண்டு போகிறேன் என்ற நினைப்பும் அதில் இருந்தது. மதினி பிள்ளையின் துணிகளைத் துவைத்து மடித்து வைத்தாள். கம்பளி நூல் வாங்கித் தெருக்கோடியில் பின்னத் தெரிந்த ஒரு அம்மாளிடம் கொடுத்துச் சட்டை பின்னி வாங்கினாள்.

நான் அழைத்துப்போக வந்த அன்று பிள்ளை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். உள்ளே பார்த்து, "அம்... அத்த, அவங்க வந்துட்டாங்க" என்று கூப்பிட்டாள்.

நான் நின்றுவிட்டேன்.

"அவங்கன்னா யாரு? சரியாச் சொல்லு" என்று உள்ளேயிருந்து மதினியின் குரல் கேட்டது.

"அம்மா வந்துட்டாங்க, அத்த."

பிறகு அண்ணன் சொன்னான். உத்தரவு வந்த சேதி தெரிந்ததிலிருந்து மதினி தினமும் பிள்ளையை மடியில் உட்காரவைத்து, நான் அத்தை, அவதான் அம்மா என்று சொல்லிக் கொடுத்தாளாம். அம்மா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாளாம். அத்தை என்று கூப்பிட்டால்தான் பார்ப்பாளாம். பிள்ளை முதலில் விளையாட்டென்று நினைத்துச் சிரித்திருக்கிறாள். பிறகு அழுதிருக்கிறாள். பிறகு பழகிவிட்டாள். குடத்தோடு வந்து நின்ற அந்த நாளில் நான் அவளைப் பற்றி நினைத்ததை அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கினேன்.

கிளாவரையில் மண்சுவரும் தகரக் கூரையுமாக ஒரு அறையைப் பாலர் பள்ளிக்குக் கொடுத்தார்கள். அதை ஒட்டியே எனக்கொரு சின்ன அறை. பூண்டு, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் என்று மலைச்சரிவெல்லாம் தோட்டம். பெண்கள் எல்லோரும் விடியும்போதே தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தைகளை ஏழெட்டு வயசுப் பெண்பிள்ளைகள் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவார்கள். நான் போன சில மாதங்களில் அந்தக் குழந்தைகள் என்னிடம் வந்தன. அக்காமார்கள் பள்ளிக்கூடம் போனார்கள். ஒரு அம்மாள் முட்டைக்கோஸ் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "நீங்க வந்தப்பறந்தான் டீச்சர் எம்புள்ள சிலேட்டத் தொடுது" என்றார். அந்த ஊரில் அதுவரை யாரையும் மரியாதையாகக் கூப்பிடாத ஆட்கள்கூட என்னை டீச்சர், வாங்க, போங்க என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அஞ்சாவதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவள் நான்தானா என்று எனக்கே இருக்கும்.

என் மகளும் மற்றக் குழந்தைகளோடு உட்கார்ந்தாள். அவர்கள் என்னை டீச்சர் என்றார்கள், அவளும் டீச்சர் என்றாள். சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு அறைக்கு வந்த பிறகு என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட மாட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள். அழுது அடம்பிடிக்கவில்லை. அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன், அதற்குத்தான் பயிற்சி எடுத்திருந்தேனே. சொன்னதைச் செய்தாள், போட்டதைச் சாப்பிட்டாள். காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு குதிரைகள் இறங்கிப் போகும் பாதை எங்கள் அறையிலிருந்து தெரியும். அந்த மூட்டைகள் ரோட்டுக்குப் போய், லாரி ஏறி ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும். ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி பக்கம் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். குதிரைக்காரரிடம் போய், "நான் மூட்ட மேல உக்காந்துக்கவா?" என்று கேட்டாளாம். அவர் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து சொன்னார். நானும் சிரித்தேன்.

ஒரு வருஷம் போல ஆனதும் மதினி வந்தாள். லாரி டிரைவர் ஒருவர் அண்ணனுக்குப் பழக்கம், அவரோடு ரோடு வரை வந்து அங்கிருந்து குதிரைக்காரர்களோடு நடந்தே ஏறிவிட்டாள். செருப்புப் போட்டுப் பழக்கமில்லாத கால், பாறையில் கிழிந்திருந்தது. பிள்ளை பாலர் பள்ளிக்குள்ளிருந்து பார்த்துவிட்டு எழுந்து ஓடினாள். "அத்த, அத்த" என்று கத்திக்கொண்டே ஓடினாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் அந்த ஊரில் கேட்டதில்லை. மதினி அவளைத் தூக்கவில்லை. முதலில் என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்த பிறகுதான் தூக்கினாள்.

மதினி இருந்த நாட்களில் என் மகள் ஓயாமல் பேசினாள். மலையில் பார்த்த காட்டுமாடு, அட்டை கடித்தது, மூடுபனி வீட்டுக்குள் வந்தது எல்லாவற்றையும் சொன்னாள். என்னிடம் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிளம்புவதற்கு முந்திய நாள் இருவரும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். மதினி இளைத்திருந்தாள். பேச்சில் பழைய வேகம் இல்லை. அண்ணன் நாள் முழுக்கக் கடையிலேயே இருக்கிறான், பின்கட்டு வேலைக்கு ஆள் வைத்துவிட்டான் என்றாள். நான் ஏதோ நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"மதினி, நீங்களும் திண்டுக்கல் போயிப் படிக்கலாம்ல. புருஷன் இருக்கிறவங்களையும் இப்பச் சேத்துக்கிறாங்களாம். வீட்ல சும்மாதான இருக்கீங்க. ரெண்டு வருஷத்துல உங்களுக்கும் ஒரு வேல கெடச்சிரும்."

மதினி கையிலிருந்த பூண்டை உரித்து முடித்தாள். தோலை ஊதித் தள்ளினாள்.

"எனக்கு எதுக்கு தாயி படிப்பு? எனக்குக் கெடச்ச சோலி நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. குறை சொல்லும் குரலும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டு அடுத்த பூண்டை எடுத்தாள். நான் எழுந்து பால் பவுடர் டின்னை எடுத்து, வேண்டாத வேளையில் அதைக் கழுவினேன்.

மறுநாள் குதிரைகளோடு அவள் இறங்கும்போது பிள்ளை அழவில்லை. பாதை திரும்புகிற இடம் வரை கூடவே போய்விட்டுத் தானாகத் திரும்பி வந்தாள். வந்து பாலர் பள்ளியில் தன் இடத்தில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள். மற்றக் குழந்தைகள் பாட, அவளும் பாடினாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அவளைப் பழனியில் கொண்டுபோய் விட்டேன். கிளாவரையில் ஒரே வாத்தியார் எல்லா வகுப்புக்கும், அதுவும் அவர் பாதி நாள் வர மாட்டார், டவுனில் நல்லாப் படிக்கட்டும் என்று ஊரில் எல்லோரிடமும் சொன்னேன். அது காரணம்தான். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அண்ணன், "இதத்தான அப்பவே சொன்னேன்" என்றான். மதினி பிள்ளையின் டிரங்குப் பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "அம்மாவுக்குத் தண்ணி கொண்டாந்து குடு" என்று அவளை என்னிடம் அனுப்பினாள். பிள்ளை சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு உடனே போகவில்லை, நான் குடித்து முடிக்கும் வரை நின்றாள். "எப்ப டீச்சர் கெளம்புவீங்க?" என்று கேட்டாள். சீக்கிரம் போக வேண்டும் என்று கேட்டாளா, போகக் கூடாதென்று கேட்டாளா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அதன் பிறகு அவள் அங்கேயே வளர்ந்தாள். மதினியை அத்தை என்றே கூப்பிட்டாள், அந்த ஒரு சொல் மட்டும் மாறவில்லை. மதினிதான் மாறவிடவில்லை என்று நினைக்கிறேன். லீவுக்கு மகள் மலைக்கு வருவாள், நானும் போவேன். நாங்கள் நல்ல முறையில் பேசிக்கொள்வோம். எட்டாவது அவள் முதல் வகுப்பில் பாஸ் செய்தாள். நான் எத்தனை மார்க் வாங்கினேன் என்று கேட்டாள், சொன்னேன். இவ்வளவு குறைச்சலா என்று ஆச்சரியப்பட்டாள்.

நான் மலையிலேயே இருந்துவிட்டேன். மாற்றல் கேட்டால் கொடுத்திருப்பார்கள், கேட்கவில்லை. அந்த வருஷங்களில் கிளாவரையிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் சில பெண்களைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பினேன். ஒருத்தி நர்ஸாகக் கொடைக்கானலிலேயே இருக்கிறாள். ஒருத்தி தையல் டீச்சர். எழுதிப் போடுவதற்கும், வீட்டு ஆட்களிடம் பேசுவதற்கும், கூட்டிக்கொண்டு போய் விடுவதற்கும் நானே முன்னால் நின்றேன். பிள்ளை இல்லாதவர்களாகத்தான் தேடிப் பார்த்து அனுப்பினேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு பெண் வந்தாள். புருஷன் மரம் வெட்டுகிற இடத்தில் செத்துப்போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆறாவது வரை படித்தவள். தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், பனிக்காலத்தில் அதுவும் இருக்காது. இடுப்பில் ஒரு வயசுப் பையன்.

"என்னையும் அனுப்பி வைங்க டீச்சர்" என்றாள்.

"பிள்ளைய அங்க சேக்க மாட்டாங்க."

"தெரியும். எங்க ஆத்தா பாத்துக்கிறேங்குது. விட்டுட்டுப் போலாமா டீச்சர்?"

நான் மேசைமேல் கிடந்த சிலேட்டுகளை எடுத்து அடுக்கினேன். அவள் மறுபடியும் கேட்டாள்.

"நீங்களும் அப்பிடித்தான போனீங்க? நல்லாத்தான இருக்கீங்க?"

பையன் என் மேசைமேல் இருந்த சாக்பீஸை எடுத்து வாயில் வைத்தான். நான் அதைப் பிடுங்கிக்கொண்டு, அவன் வாயைத் துடைத்துவிட்டேன்.

"நல்லாத்தான் இருக்கேன். போ. லீவு விட்டா ஒரு லீவையும் விடாத, வந்துரு. கணக்கு வரலன்னாலும் பரவாயில்ல, வந்துரு."

"ஏன் டீச்சர், கணக்கு ரொம்பக் கஷ்டமா?"

"ஆமா" என்றேன்.

குதிரைகளோடு அவள் இறங்கிப் போன அன்று, அவளுடைய அம்மா பையனைத் தூக்கிக்கொண்டு பாதை ஓரத்தில் நின்றார். அந்த அம்மாளுக்கு மூட்டுவலி, அன்றைக்கே தோட்டத்துக்கும் போக வேண்டும். இரண்டரை வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பாலர் பள்ளியில் சேர்க்கக் கூடாது என்பது விதி. நான் கையை நீட்டினேன். பையன் என்னைப் பார்த்தான், பாட்டியைப் பார்த்தான், பிறகு தாவிக்கொண்டு வந்தான்.

"உங்க மக வர்ற வரைக்கும் பகல்ல எங்கிட்டயே விடுங்க" என்றேன். "அம்மான்னு மட்டும் கூப்புடப் பழக்க வேண்டாம். டீச்சர்னே கூப்புடட்டும்."